நம்ம ஊர் கிறிஸ்துமஸ் மரம்: சவுக்குக் கிளையைத் தேர்ந்தெடுப்பது எப்படி? வாடாமல் காப்பது எப்படி?



டிசம்பர் மாத இதழுக்கு ஒரு கட்டுரை எழுதச் சொன்னார்கள். என்ன எழுதலாம் என்று அதிகம் யோசிக்கவில்லை. எங்க அப்பா பந்தல் போடுகிறவர். வீட்டு வாசலில் எப்போதும் சவுக்குக் கழி அடுக்கிக் கிடக்கும். நாங்கள் கிறிஸ்துமஸ் கொண்டாடுகிற குடும்பம் இல்லை. ஆனால் டிசம்பர் 20 தாண்டியதும் எங்க வாசலில்தான் கூட்டம்! "ஐயா, ஒரு நல்ல சவுக்குக் கொண்டை வேணுமே", "அண்ணே, போன வருஷம் நாலு நாள்ல காஞ்சி போச்சே, என்ன பண்றது?" என்று கேட்டு வருவார்கள். அப்பா சொல்லும் பதில்களையும், நாம் உயிரியல் வகுப்பில் படிக்கும் பாடத்தையும் சேர்த்து இங்கே தருகிறேன். கிறிஸ்துமஸ் கொண்டாடுபவர்கள் படியுங்கள். கொண்டாடாதவர்களும் படியுங்கள், கடைசியில் உங்களுக்கும் ஒரு வேலை இருக்கிறது!

கிறிஸ்துமஸ் மரம் என்பது எந்த மரம்?

படத்தில் நாம் பார்க்கும் கிறிஸ்துமஸ் மரம் ஃபிர், ஸ்புரூஸ், பைன் ஆகிய குளிர்நாட்டு மரங்களில் ஒன்று. ஐரோப்பாவில் டிசம்பர் மாதம் பெரும்பாலான மரங்கள் இலையெல்லாம் உதிர்ந்து மொட்டையாக நிற்கும். அப்போதும் பச்சையாக இருப்பவை இந்த ஊசியிலை மரங்கள்தான். அதனால்தான் அவற்றை வீட்டுக்குள் கொண்டுவந்து அலங்கரிக்கும் பழக்கம் வந்தது. 1605-ஆம் ஆண்டிலேயே ஸ்ட்ராஸ்பர்க் நகரத்தில் மக்கள் வீட்டுக்குள் மரம் வைத்து, அதில் காகித ரோஜாவும் ஆப்பிளும் இனிப்பும் தொங்கவிட்டார்கள் என்று ஒரு குறிப்பு இருக்கிறது. அந்த ஊர் இன்று பிரான்ஸ் நாட்டில் இருக்கிறது. 1848-இல் இங்கிலாந்தின் விக்டோரியா ராணி குடும்பத்தோடு கிறிஸ்துமஸ் மரத்தைச் சுற்றி நிற்கும் படம் லண்டன் பத்திரிகையில் வந்த பிறகு, இந்தப் பழக்கம் உலகமெங்கும் வேகமாகப் பரவியது.

சரி, அந்த மரம் நெடுங்காட்டில் வளருமா? வளராது. பைன் மரம் வேண்டுமென்றால் கொடைக்கானலுக்கோ ஊட்டிக்கோ போக வேண்டும். அங்கேயும் காட்டு மரத்தை நம் இஷ்டத்துக்கு வெட்ட முடியாது. அதனால் நம் கடற்கரைப் பக்கத்து மக்கள் தங்களுக்கென்று ஒரு மரத்தைக் கண்டுபிடித்துக்கொண்டார்கள். அதுதான் சவுக்கு. தூரத்திலிருந்து பார்த்தால் பைன் மாதிரியே ஊசி ஊசியாக இருக்கும், பச்சையாக இருக்கும், கூம்பு மாதிரிக் காயும் இருக்கும். குடிசை, ஓட்டு வீடு, மாடி வீடு எதுவானாலும் இது பொருந்தும்.

சவுக்கு ஊசியிலை மரமே இல்லை!

ஆச்சரியமாக இருக்கிறதா? சவுக்கு ஒரு பூக்கும் தாவரம். பைன் குடும்பத்துக்கும் இதற்கும் சம்பந்தம் கிடையாது. இலை என்று நாம் நினைக்கும் அந்தப் பச்சை ஊசி உண்மையில் இலை அல்ல, மெல்லிய கிளை. ஒரு ஊசியை எடுத்து மெதுவாக இழுத்துப் பாருங்கள். கணுக்கணுவாகக் கழன்று வரும். ஒவ்வொரு கணுவிலும் ஏழெட்டுப் பல் மாதிரி வட்டமாக நீட்டிக்கொண்டிருக்கும். அந்தப் பற்கள்தான் நிஜமான இலைகள்! நம் உயிரியல் ஆய்வுக்கூடத்தில் உள்ள கை லென்ஸில் பார்த்தால் நன்றாகத் தெரியும்.

அந்த ஊசியின் மேல் நீளவாக்கில் கோடு கோடாகப் பள்ளம் இருக்கும். இலைத்துளைகள் அந்தப் பள்ளத்துக்குள் ஒளிந்திருக்கின்றன. காற்று நேராகப் படாததால் தண்ணீர் மெதுவாகத்தான் ஆவியாகும். கடற்கரை மணலிலும் உப்புக் காற்றிலும் இந்த மரம் பிழைத்துக் கிடப்பதற்கு இது ஒரு முக்கியக் காரணம். வெட்டிய பிறகும் சில நாட்கள் பச்சையாக இருப்பதற்கும் இதுவே உதவுகிறது. ஆனால் "சில நாட்கள்" போதாது. டிசம்பர் 24-இல் வைத்து, ஜனவரி 6 மூன்று ராஜாக்கள் திருநாள் வரை என்றால் மொத்தம் 14 நாள். அதற்குத்தான் நம் கவனிப்பு தேவை.

*உங்களுக்குத் தெரியுமா?* சவுக்கின் தாவரவியல் பெயர் கேசுவரினா ஈக்விசெடிஃபோலியா. பறக்க முடியாத கேசோவரி என்ற பெரிய பறவையின் இறகு மாதிரி இதன் கிளை தொங்குவதால் இந்தப் பெயர். இது தென்கிழக்கு ஆசியா, ஆஸ்திரேலியா, பசிபிக் தீவுகளைச் சேர்ந்த மரம். நம் அந்தமானிலும் இயற்கையாக வளர்கிறது. 19-ஆம் நூற்றாண்டில் ரயில் எஞ்சினுக்கு விறகு வேண்டும் என்பதற்காக சென்னைப் பக்கத்துக் கடற்கரையில் இதைத் தோப்புத் தோப்பாக நட்டார்கள். அப்படி வந்த மரம் இன்று நம் கிறிஸ்துமஸ் மரமாகிவிட்டது!

முதல் கேள்வி: எங்கே வெட்டுவது?

இதுதான் இந்தக் கட்டுரையிலேயே முக்கியமான பகுதி. தயவுசெய்து கவனமாகப் படியுங்கள்.

சவுக்கு இரண்டு இடத்தில் இருக்கிறது. ஒன்று, விவசாயிகள் தங்கள் சொந்த நிலத்தில் பயிர் மாதிரி வளர்க்கும் தோப்பு. இன்னொன்று, கடலோரத்தில் ஊரைக் காப்பதற்காக வரிசையாக நட்டு வைத்திருக்கும் மரங்கள்.

கடலோர மரத்தைத் தொடவே கூடாது. 2004 டிசம்பர் 26, அதாவது கிறிஸ்துமஸுக்கு மறுநாள் காலை, சுனாமி வந்ததை நம் வீட்டுப் பெரியவர்கள் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். காரைக்கால் மேடு, கிளிஞ்சல்மேடு, பட்டினச்சேரி என்று நம் மாவட்டத்து மீனவக் கிராமங்கள் எல்லாம் அடி வாங்கின. நாகை மாவட்டம் வேதாரண்யம் பக்கத்தில் நாலுவேதபதி என்று ஒரு ஊர். 2002-இல் அந்த ஊர் மக்கள் ஒரே நாளில் 80,244 மரக்கன்றுகளை நட்டு கின்னஸ் சாதனைப் புத்தகத்தில் இடம்பெற்றார்கள். இரண்டு வருடம் கழித்து சுனாமி வந்தபோது, அந்த மரங்களுக்குப் பின்னால் இருந்த அவர்களின் ஊரில் சேதம் குறைவாக இருந்தது. கடலூர்ப் பக்கம் ஆய்வு செய்த விஞ்ஞானிகளும் 2005-இல் 'சயின்ஸ்' இதழில் இதைப் போலவே எழுதினார்கள். சவுக்குத் தோப்பில் கடலை ஒட்டியிருந்த சில வரிசைகள் வேரோடு சாய்ந்தன, ஆனால் அதற்குப் பின்னால் இருந்த மரங்கள் நின்றன.

மரம் இருந்தால் எந்த அலையும் ஒன்றும் செய்யாது என்று நான் சொல்லவில்லை. 2018 நவம்பர் 16-ஆம் தேதி கஜா புயல் அடித்தபோது வேதாரண்யம் பக்கத்தில் சவுக்கும் தென்னையும் சேர்ந்தே சாய்ந்தன. ஆனாலும் அலையின் வேகத்தையும், மணல் பறப்பதையும், உப்புக் காற்றையும் அந்த வரிசைதான் குறைக்கிறது.

"ஒரே ஒரு கொண்டைதானே, அதனால் என்ன ஆகிவிடும்?" என்று சிலர் கேட்கிறார்கள். நம் ஊரில் எத்தனை வீட்டில் மரம் வைக்கிறார்கள் என்று எண்ணிப் பாருங்கள். ஒவ்வொருவரும் "ஒன்றே ஒன்று" என்று வெட்டினால், வரிசையில் வாசல் மாதிரி இடைவெளி விழுந்துவிடும். இன்னொரு விஷயமும் இருக்கிறது. தைல மரத்தை அடியில் வெட்டினால் திரும்பவும் துளிர்த்து வரும். நாட்டுச் சவுக்கு அப்படி நன்றாகத் துளிர்ப்பதில்லை. அடியோடு வெட்டினால் அநேகமாக அந்த மரத்தின் கதை முடிந்தது.

அப்படியானால் என்ன செய்வது? விவசாயியின் தோப்பில், அறுவடை செய்யும் மரத்திலிருந்து கொண்டையை வாங்குங்கள். சவுக்கை 3 முதல் 5 வருடத்துக்குள் வெட்டி விற்றுவிடுவார்கள். நேரான கழி பந்தலுக்கும் சாரத்துக்கும் போகும். பருத்த கட்டை காகித ஆலைக்கும் விறகுக்கும் போகும். உச்சியில் இருக்கும் கொண்டையும் பக்கக் கிளைகளும் மிலாறு என்று ஒதுக்கப்பட்டு அடுப்புக்குப் போகும். அந்தக் கொண்டைதான் நமக்கு வேண்டிய கிறிஸ்துமஸ் மரம்! எப்படியும் அடுப்புக்குப் போகிற ஒன்று, 14 நாள் வீட்டில் நட்சத்திரம் சுமந்துவிட்டுப் போகட்டுமே. மரத்துக்கும் புதிதாக நஷ்டம் இல்லை, விவசாயிக்கும் நாலு காசு. எங்க அப்பா இதைத்தான் எல்லோரிடமும் சொல்வார்: "தம்பி, வெட்டுற மரத்துல வாங்கு, நிக்கிற மரத்த விட்டுடு."

இரண்டாவது கேள்வி: எப்படித் தேர்ந்தெடுப்பது?

1. *அளவு.* முதலில் வீட்டில் இடத்தை அளந்துகொள்ளுங்கள். தரையிலிருந்து கூரை வரை உள்ள உயரத்தில், உச்சியில் வைக்கும் நட்சத்திரத்துக்கு 1 அடி, மேலே கைவிட்டு வேலை செய்ய 1 அடி விட்டுவிடுங்கள். மரத்தின் அடிப்பகுதி வாளிக்குள் போய்விடும் என்பதையும் கணக்கில் வையுங்கள். சாதாரண வீட்டுக்கு 5 அல்லது 6 அடிக் கொண்டை போதும்.

2. *தண்டு.* அடித்தண்டு உங்கள் மணிக்கட்டு அளவாவது பருமன் இருக்க வேண்டும். விரல் பருமன் என்றால் பொம்மை தொங்கவிட்டதும் சாய்ந்துவிடும். நேராக இருக்கிறதா என்று பார்க்க, தண்டைத் தரையில் ஊன்றி நிறுத்தி, நாலு அடி தள்ளி நின்று பாருங்கள். கொஞ்சம் வளைந்திருந்தால் பரவாயில்லை, வளைவு சுவர்ப்பக்கம் போகிற மாதிரி மூலையில் வைத்துவிடலாம்.

3. *கிளை.* நாலா பக்கமும் கிளை இருக்கிற கொண்டையாகப் பாருங்கள். தோப்பின் ஓரத்தில் வளர்ந்த மரத்தில்தான் கிளை அடர்த்தியாக இருக்கும். நடுத் தோப்பில் மரங்கள் வெயிலுக்குப் போட்டி போட்டு ஒல்லியாக உயர்ந்திருக்கும். அடர்த்தி போதவில்லை என்றால் கவலை வேண்டாம். இரண்டு மூன்று கிளையைச் சேர்த்துச் சணல் கயிற்றால் கட்டினால் ஒரே மரம் மாதிரி ஆகிவிடும்.

4. *புதுசா, பழசா?* இதற்கு மூன்று சோதனை. ஒன்று, ஊசியை வளைத்துப் பாருங்கள். புதுசு என்றால் வளைந்து கொடுக்கும். பழசு என்றால் கணுவில் "டப்"பென்று ஒடியும். இரண்டு, தண்டைப் பிடித்துத் தரையில் லேசாகத் தட்டுங்கள். நாலைந்து காய்ந்த ஊசி விழுவது சகஜம். மழை மாதிரிக் கொட்டினால் வேண்டாம். மூன்று, வெட்டு வாயைப் பாருங்கள். ஈரமாகவும் வெளிறியும் இருந்தால் இன்று வெட்டியது. கறுத்து, வெடித்து இருந்தால் வெட்டி நாளாகிவிட்டது.

5. *குடியிருப்பவர்கள்!* சில கொண்டையில் முசுறு எறும்பு இருக்கும். வீட்டுக்குள் கொண்டுபோகும் முன் வாசலிலேயே நன்றாக உதறிவிடுங்கள். இல்லையென்றால் கிறிஸ்துமஸ் தாத்தாவுக்கு முன்னால் எறும்பு வந்து உங்களை வாழ்த்தும்.

6. *நேரம்.* விடியற்காலையில் வெட்டியதாக இருந்தால் நல்லது. இரவெல்லாம் வேர் உறிஞ்சிய தண்ணீர் கிளையில் நிறைந்திருக்கும். மத்தியானம் வெட்டியது பாதித் தாகத்தோடுதான் வரும். வண்டியில் கட்டிக்கொண்டு வரும்போது ஈரச் சாக்கைச் சுற்றிக் கொண்டுவாருங்கள். வேகமாகப் போகும் வண்டியில் அடிக்கிற காற்று, கொடியில் போட்ட துணியைக் காய வைப்பது போல் கிளையையும் காய வைத்துவிடும்.

மூன்றாவது கேள்வி: ஏன் வாடுகிறது?

பதினோராம் வகுப்பில் சைலம் பற்றிப் படிக்கிறோம் அல்லவா? தண்டுக்குள் மெல்லிய குழாய்கள் இருக்கின்றன. இலையிலிருந்து தண்ணீர் ஆவியாக ஆக, அது கீழேயுள்ள தண்ணீரை மேலே இழுக்கிறது. இளநீரை உறிஞ்சுகுழல் வைத்துக் குடிப்பது மாதிரிதான். இப்போது உறிஞ்சுகுழலின் நுனியை இளநீரிலிருந்து வெளியே எடுத்துவிட்டால் என்ன ஆகும்? காற்று ஏறும். திரும்ப உள்ளே விட்டாலும் நடுவில் காற்று நிற்கும்.

மரத்தை வெட்டும்போதும் இதேதான் நடக்கிறது. வெட்டிய வாயில் காற்று புகுந்து குழாயை அடைத்துவிடும். அதற்குப் பிறகு நீங்கள் குடம் குடமாகத் தண்ணீர் ஊற்றினாலும் மேலே ஏறாது. நாளாக ஆக வெட்டு வாயில் கிருமிகள் பெருகி, வழவழவென்று படிந்து மேலும் அடைக்கும். பைன் மரத்தின் நீர்க்குழாய்கள் மிகவும் குட்டையானவை. ஒன்றில் காற்று புகுந்தாலும் அது அடுத்ததற்குப் போவது கடினம். சவுக்கு மாதிரிப் பூக்கும் மரங்களில் குழாய்கள் நீளமானவை, காற்று கொஞ்ச தூரம் உள்ளே போய்விடும். அதனால் நம் மரத்துக்குக் கூடுதல் கவனம் வேண்டும். பெரும்பாலான வீடுகளில் மரம் சீக்கிரம் காய்ந்துபோவது தண்ணீர் ஊற்றாததால் மட்டும் அல்ல. ஊற்றிய தண்ணீர் உள்ளே போக வழி இல்லாததாலும்தான்!

நான்காவது கேள்வி: வாடாமல் காப்பது எப்படி?

*படி 1: புது வாய் திறத்தல்.* வீட்டுக்குக் கொண்டுவந்ததும் அகலமான பாத்திரத்தில் தண்ணீர் நிரப்பி, தண்டின் அடியைத் தண்ணீருக்குள் வைத்து, உள்ளேயே ரம்பத்தால் 1 அங்குலம் அறுத்து எடுத்துவிடுங்கள். காற்றுக்குப் பதில் தண்ணீர் உள்ளே போகும். இதைப் பெரியவர்களை வைத்துச் செய்யுங்கள், ஈரக் கை வழுக்கும். தண்ணீருக்குள் அறுக்க வசதி இல்லையென்றால் வெளியே அறுத்த உடனே தண்ணீரில் வைத்துவிடுங்கள். அறுத்துவிட்டு டீ குடிக்கப் போகக் கூடாது! சிலர் தண்டின் நுனியைச் சுத்தியலால் நசுக்குவார்கள். அப்படிச் செய்தால் குழாய்தான் நசுங்கும். சிலர் பட்டையைச் சீவிக் கூராக்குவார்கள். அதுவும் வேண்டாம், தண்ணீர் அதிகம் ஏறுவது பட்டைக்கு உள்ளே இருக்கும் இளங்கட்டையில்தான்.

*படி 2: குடிக்க விடுதல்.* அன்று ஒரு இரவு முழுக்க நிழலில், வாளித் தண்ணீரில் நிற்கட்டும். முதல் நாள்தான் மரம் அதிகமாகத் தண்ணீர் குடிக்கும்.

*படி 3: வாளியில் நிறுத்துதல்.* 20 லிட்டர் பெயிண்ட் வாளி ஒன்று எடுத்துக்கொள்ளுங்கள், ஓட்டை இருக்கக் கூடாது. நடுவில் மரத்தை நிறுத்தி, சுற்றிலும் செங்கல் துண்டுகளை இறுக்கி வையுங்கள். பிறகு மணலைக் கொட்டிக் குத்திவிடுங்கள். மணலின் மட்டத்துக்கு ஒரு விரற்கடை கீழ் வரை தண்ணீர் ஊற்றுங்கள். கடற்கரை மணல் வேண்டாம், அதில் உப்பு இருக்கும். தண்ணீரும் உப்பு இல்லாததாக இருக்கட்டும். சவுக்கு உப்பைத் தாங்கும் மரம்தானே என்று கேட்கலாம். வேர் இருக்கும்வரை தாங்கும், இப்போது வேர் இல்லையே!

*படி 4: அளவு பார்க்கும் குழாய்.* மணலுக்குள் தண்ணீர் எவ்வளவு இருக்கிறது என்று எப்படித் தெரியும்? ஒரு முழ நீளப் பி.வி.சி. குழாய்த் துண்டை வாளி ஓரமாக அடி வரை செருகிவிடுங்கள். ஒரு குச்சியை உள்ளே விட்டு எடுத்தால் ஈரம் எதுவரை என்று தெரியும். பார்த்த பிறகு குழாய் வாயைத் துணியால் கட்டிவிடுங்கள். ஏன் தெரியுமா? கொசு! டெங்குக் கொசு தேங்கிய நல்ல தண்ணீரில்தான் முட்டையிடும். முட்டை கொசுவாக ஒரு வாரம் பத்து நாள் போதும். மரமோ 14 நாள் நிற்கப்போகிறது. மணல் மூடிய வாளியில் கொசுவுக்கு இடம் கிடைக்காது. வெறும் தண்ணீர் வாளியை விட மணல் வாளி நல்லது என்று நான் சொல்ல இதுவும் ஒரு காரணம்.

*படி 5: தினசரிக் கவனிப்பு.* காலையும் மாலையும் தண்ணீர் மட்டம் பாருங்கள். ஒரு தடவை வெட்டு வாய் வரை தண்ணீர் வற்றிவிட்டால், மறுபடியும் காற்று ஏறிவிடும். சர்க்கரை, மாத்திரை, குளிர்பானம் என்று என்னென்னவோ கலக்கச் சொல்வார்கள். ஒன்றும் வேண்டாம், வெறும் தண்ணீரே போதும்.

*படி 6: இடம்.* மின்விசிறிக்கு நேர் கீழே வேண்டாம். வெயில் விழும் ஜன்னல் வேண்டாம். குளிர்சாதனப் பெட்டியின் பின்பக்கச் சூடும் வேண்டாம். நம் பகுதியில் டிசம்பரில் வடகிழக்குப் பருவமழைக் காலம், காற்றில் ஈரம் அதிகம். அது நமக்குச் சாதகம். இரவில் விசிறியை நிறுத்த முடிந்தால் மரமும் நன்றாகத் தூங்கும்!

அலங்காரம்: அழகும் ஆபத்தும்

சவுக்கு ஊசி மெல்லியது, கனமான பொம்மையைத் தாங்காது. அதனால் காகித நட்சத்திரம், கிளிஞ்சல் மாலை, வர்ணம் பூசிய சவுக்குக் காய் இவற்றையே கட்டுங்கள். சவுக்குக் காயைக் காய வைத்தால் வாய் திறந்து, உள்ளிருந்து இறக்கை வைத்த குட்டி விதைகள் கொட்டும். விதையை எடுத்து வையுங்கள், காயை அலங்காரத்துக்கு எடுங்கள்.

இப்போது ஒரு எச்சரிக்கை. சவுக்கு உலகத்தின் மிக நல்ல விறகுகளில் ஒன்று. இந்த விறகு பச்சையாக இருக்கும்போதே எரியும் குணம் உடையது. காய்ந்த மிலாறு பற்றிக்கொள்வதைக் கேட்கவே வேண்டாம், நம் வீட்டு அடுப்பைப் பார்த்தாலே தெரியும். அந்தக் காலத்தில் ஐரோப்பாவில் மரத்தில் மெழுகுவர்த்தி ஏற்றி வைத்து, அதனால் வீடுகள் தீப்பிடித்தது உண்டு. 1882-இல் அமெரிக்காவில் எடிசனுடன் வேலை செய்த எட்வர்ட் ஜான்சன்தான் முதன்முதலில் தன் வீட்டு மரத்தில் 80 மின் விளக்குகளை வைத்தார். அதற்குப் பிறகுதான் மெழுகுவர்த்தி மெதுவாகக் குறைந்தது.

ஆகவே நண்பர்களே:

• மரத்திலோ, மரத்துக்குக் கீழே குடிலிலோ மெழுகுவர்த்தி வேண்டவே வேண்டாம்.
• பனி மாதிரித் தெரிய வேண்டும் என்று பஞ்சை ஒட்டுகிறோம். பஞ்சு ஒரு பொறி பட்டாலே போதும். பஞ்சுக்குப் பதில் வெள்ளைக் காகிதம் என்றாலும் எரியும்தான். அரிசி மாவைக் கரைத்து ஊசி நுனியில் தொட்டு வைத்தால் காய்ந்ததும் வெள்ளையாகத் தெரியும், செலவும் இல்லை.
• சீரியல் செட் எல்.இ.டி. வகையாக இருக்கட்டும், சூடு குறைவு. ஒயர் பிய்ந்திருந்தால் இன்சுலேஷன் டேப் சுற்றிச் சமாளிக்காதீர்கள், மாற்றிவிடுங்கள்.
• வாளியில் தண்ணீர் இருக்கிறது, மரத்தில் கரண்ட் இருக்கிறது! தண்ணீர் ஊற்றும் முன் சுவிட்சை அணைத்து, பிளக்கையும் பிடுங்கிவிடுங்கள். இணைப்புப் பலகையைத் தரையில் போடாமல் உயரத்தில் வையுங்கள்.
• தூங்கப் போகும்போதும், கோவிலுக்குப் போகும்போதும் விளக்கை அணைத்துவிடுங்கள்.
• தினமும் ஊசியை வளைத்துப் பாருங்கள். "டப்"பென்று ஒடிய ஆரம்பித்துவிட்டதா? ஜனவரி 6 வரவில்லை என்றாலும் பரவாயில்லை, விளக்கைக் கழற்றி மரத்தை வெளியே வைத்துவிடுங்கள். மூன்று ராஜாக்கள் கோபித்துக்கொள்ள மாட்டார்கள்!

தொட்டி மரம் வாங்கலாமா?

நர்சரியில் தொட்டியில் வைத்து "கிறிஸ்துமஸ் மரம்" என்று விற்பது அரோகேரியா. கிளைகள் மாடி மாடியாக அழகாக இருக்கும். உயிரோடு இருப்பதால் வருடா வருடம் பயன்படும். வெளிச்சமான இடத்தில் வைக்க வேண்டும், தொட்டியில் தண்ணீர் தேங்கக் கூடாது. உச்சிக் குருத்தை மட்டும் எக்காரணம் கொண்டும் கிள்ளாதீர்கள். கிள்ளினால் அந்த அழகான வடிவம் திரும்ப வராது. வீட்டில் ஏற்கெனவே பிளாஸ்டிக் மரம் இருந்தால் அதைத் தூக்கிப் போடவும் வேண்டாம். உடையும்வரை அதையே வையுங்கள். இருப்பதை எறிந்துவிட்டுப் புதிது வாங்குவது எந்தக் கணக்கிலும் லாபம் இல்லை.

நீங்களே செய்து பாருங்கள்

கிறிஸ்துமஸ் கொண்டாடாத நண்பர்களுக்கும் வேலை இருக்கிறது என்றேனே, இதுதான் அது. ஒரே அளவுள்ள மூன்று சவுக்குக் கிளை எடுத்துக்கொள்ளுங்கள். முதலாவதைக் காலி பாட்டிலில் வையுங்கள். இரண்டாவதை அரை நாள் வெயிலில் போட்டுவிட்டு, மறுபடி அறுக்காமல் தண்ணீர் பாட்டிலில் வையுங்கள். மூன்றாவதைத் தண்ணீருக்குள்ளேயே அறுத்துத் தண்ணீர் பாட்டிலில் வையுங்கள். தண்ணீரின் மேல் நாலு சொட்டு நல்லெண்ணெய் விடுங்கள், அப்போது தண்ணீர் தானாக ஆவியாகாது. பாட்டிலில் பேனாவால் கோடு போட்டு, தினமும் ஒரே நேரத்தில் எவ்வளவு இறங்கியது என்று அளந்து எழுதுங்கள். ஊசி எந்த நாளில் ஒடிய ஆரம்பிக்கிறது என்றும் குறியுங்கள். முடிவை நான் சொல்ல மாட்டேன்! எழுதிக்கொண்டு வாருங்கள், அடுத்த இதழில் உங்கள் வகுப்பைப் போட்டு ஒட்டுவோம்.

கடைசியாக...

ஜனவரி 6 முடிந்ததும் மரத்தைக் குப்பையில் போடாதீர்கள். ஜிகினா, பிளாஸ்டிக், ஒயர் எல்லாவற்றையும் கழற்றி அடுத்த வருடத்துக்கு எடுத்து வையுங்கள். அவற்றோடு சேர்த்து எரித்தால் நச்சுப் புகைதான் வரும். வாளி மணலைத் தோட்டத்தில் கொட்டுங்கள். உதிர்ந்த ஊசியைச் செடிகளின் அடியில் மூடாக்காகப் பரப்புங்கள், மண் ஈரம் காயாது. கிளையையும் தண்டையும் வெயிலில் போட்டு வையுங்கள். ஒரு வாரத்தில் பொங்கல் வந்துவிடும். வாசலில் வைக்கும் பொங்கல் பானைக்கு இதைவிட நல்ல விறகு கிடைக்காது. பக்கத்து வீட்டில் பொங்கல் வைத்தால் அவர்களுக்குக் கொடுங்கள். போன வருஷம் எங்கள் தெரு அக்கா ஒருவர் தன் வீட்டுக் கிறிஸ்துமஸ் மரத்தை அப்படித்தான் எங்களுக்குக் கொடுத்தார். பால் சீக்கிரமே பொங்கிவிட்டது!

 பிழை இருந்தால் ஆசிரியர்கள் சுட்டிக்காட்டவும். எல்லோருக்கும் இனிய கிறிஸ்துமஸ், புத்தாண்டு, பொங்கல் நல்வாழ்த்துகள்!

நிற்கும் மரத்தைக் காப்போம்! வெட்டிய மரத்தைப் பயன்படுத்துவோம்!

இப்படிக்கு,
11-ஆம் வகுப்பு, உயிரியல் பிரிவு மாணவி
நெடுங்காடு